இரண்டாம் சங்கு

"கல்யாணத்துக்கு வந்தது இல்லப்பா அது. புகைய அளக்க வந்துகீது. இன்னிக்கு சும்மா ஓட்டிப் பாக்கறான், நாளைக்குதான் அளக்கறான்."

டீக்கடையில் யாரும் அதைக் கேட்கவில்லை. தலைக்கு மேல் போன ட்ரோனை அண்ணாந்து பார்த்துவிட்டு அவரவர் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். ரத்தினத்துக்குத்தான் வாய் நிற்கவில்லை.

சேரப்பணஞ்சேரிப் பக்கத்துக் கல்குவாரியில் சைரன் சங்கு ஊதுகிறவர் அவர். முதல் சங்குக்கு எல்லோரும் விலகிப்போக வேண்டும். வெடித்து, புகை அடங்கியபின் இரண்டாம் சங்கு. அதைக் கேட்டுத்தான் ஆட்கள் உள்ளே இறங்கலாம். சட்டம் அப்படி. ஆனால் லோடு நிற்கக்கூடாதே. பறந்த கல் தரைக்கு வருமுன் மேனேஜர் ஜெபகுமார் கையை ஆட்டிவிடுவார், ரத்தினமும் ஊதிவிடுவார். பொக்லைன்காரர்கள் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு மஞ்சள் புகைக்குள் இறங்குவார்கள். மிச்சப் புகை குவாரிக்குப் பின்னாலிருக்கும் ரத்தினத்தின் வீட்டுக்குள் புகும்.

அதனால்தான் மகள் கவியா தலைப்பிரசவத்துக்குக்கூடத் தாய்வீட்டுக்கு வரவில்லை. குன்றத்தூரில் மாமியார் வீட்டிலேயே பெற்றுக்கொண்டாள். ரத்தினம் போய்ப் பேத்தியை மடியில் வாங்கிப் பார்த்துவிட்டு, மூக்கு அப்படியே தன் மூக்குதான் என்று குவாரி முழுக்கச் சொல்லித் திரிந்தார். பாவம் குழந்தை என்றாள் அவர் மனைவி சந்திரம்மாள். அளந்துவிட்டால் இந்தப் புகையை நிறுத்திவிடுவார்கள், அப்புறம் பிள்ளையை இங்கே கொண்டுவந்துவிடு என்று மகளிடம் வாக்குக் கொடுத்திருந்தார் ரத்தினம்.

மறுநாள் ட்ரோன் ஓட்டுகிறவர் குவாரிக்கே வந்தார். பேச்சிராஜ் என்று பெயர், தென்காசிப் பக்கத்துக்காரர், புகையை அளக்க சர்க்கார் அனுப்பிய ஆள். கல் தெறிக்கும் என்பதால் இரண்டாம் சங்குக்குப் பிறகுதான் ஏற்றுவேன் என்றார்.

வெடித்தது. புகை மஞ்சளாகக் கிளம்பியது. ரத்தினம் பொத்தானில் விரலை வைத்தபடி மேனேஜரைப் பார்த்தார். கை ஆடவில்லை.

"இன்னா அவசரம் ரத்தினம்? ரூல்ஸ்படி நில்லு. ஆளுங்க உசுரு முக்கியம்."

ஊதிவிடலாமா என்று விரல் துறுதுறுத்தது. ஊதினால் ட்ரோன் புகைக்குள் போகும். பொக்லைன்காரர்களும்தான் போவார்கள், தினமும் போகிறவர்கள்தானே. ஆனால் ரூல்ஸ் என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லியாயிற்று. மீறினால் வேலை போகும், ஒருவருக்கு ஏதாவது ஆனால் பழி முழுக்க இவர் தலையில் விழும். நின்றார். புகை பூராவும் அவர் வீட்டுப் பக்கம் போய்க் கரைந்தபிறகு கை ஆடியது. ஊதினார். ட்ரோன் ஏறி, நல்ல காற்றை அளந்துகொண்டு இறங்கியது.

தினமும் இப்படி நிற்கமாட்டோம் என்று பேச்சிராஜிடம் போய் மெதுவாகச் சொன்னார்.

"இன்னைக்கு உள்ளதத்தான் எழுத முடியும் பெரியவரே. நேத்துப் பொகைய நான் எங்கன போயிப் பிடிக்க?"

அடுத்த நாளே கை பழையபடி ஆடியது. கல் விழுமுன் இவரும் ஊதினார். காற்று சுத்தம் என்று குவாரி வாசலில் ஒரு பலகையும் தொங்கியது.

இன்று காலை கவியா போன் செய்தாள். ரிசல்ட் நன்றாக வந்திருக்கிறதாமே, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டாள்.

"வராதம்மா. காத்து நல்லாகீதுன்னு எழுதிட்டாங்க. இனிமே ஒருத்தனும் அளக்க வரமாட்டான்."