நகத்தளவு குற்றாலம்

கட்டைவிரல் நகத்தளவு இடத்தைக் குடுத்து, "இதுக்குள்ள ஊரையே காட்டு"ன்னு சொல்லுத தொழில் எங்க தொழில். ஆன்லைன்ல வீடியோ கேம் விக்கிற கடையில வரிசை வரிசையா சின்னச் சின்னப் படம் இருக்கும்லா? அந்த அட்டைப்படம் போடுதவ நான். ஆட்கள் விரலால தள்ளிக்கிட்டே போவாங்க. நம்ம படத்துல விரல் நின்னா உண்டு. இல்லன்னா உள்ளே இருக்கிறது தங்கமா தகரமான்னு யாருக்கும் தெரியாது. "இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு பண்ணுங்க"ன்னு கேட்டுக் கேட்டு நொந்துபோன டிசைனரா நீங்க? வாங்க, பக்கத்துல உக்காருங்க, சேர்ந்து அழுவோம்.

கேமை எழுதினது எங்க வீட்டுக்காரரு இசக்கிராஜா. சென்னை வேலையை விட்டுட்டு இலஞ்சிக்கு வந்து, குற்றாலத்துல எண்ணெய் தேச்சுவிடுத கடை நடத்துற மாதிரி ஒரு சிமுலேஷன் கேம் செஞ்சாரு. பேரு 'சாரல் கடை'. அந்த நேரம் பாத்து பழைய ஆபீஸ்ல இருந்து திரும்பக் கூப்பிட்டாங்க. "சீசன் முடியட்டும் சார், சொல்லுதேன்"னு தவணை கேட்டிருந்தாரு. கேமுக்கு ஆள் சேரலன்னா அவரு சென்னைக்கு. முட்டு ஆபரேஷன் ஆன அவரு அப்பாவை, எங்க மாமாவைப் பாத்துக்கிட்டு நான் இங்கன. கல்யாணமான புதுசுல புருஷனை லீவு நாள்ல மட்டும் பாத்து வாழ்ந்தவ நான். மறுபடியும் அந்தப் பொழப்பு வேண்டாம்னுதான் இந்த நகத்தளவு இடத்தோட மல்லுக்கட்டினேன்.

ஒரு முகமும் விட்டுப்போகக் கூடாது

இதுக்கு முன்னாடி நான் தென்காசியில ஒரு பிளெக்ஸ் கடையில டிசைன் பண்ணிட்டு இருந்தேன். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, எதுவா இருந்தாலும் அங்க ஒரே சட்டம்தான். ஒரு முகமும் விட்டுப்போகக் கூடாது. சித்தப்பா படம் பெரியப்பா படத்தைவிட ஒரு விரக்கடை சின்னதாப் போச்சுன்னு பந்தியில கை நனைக்காம எந்திரிச்சுப் போன குடும்பமெல்லாம் எனக்குத் தெரியும்.

கை பழகிருச்சு பாருங்க. கேம் அட்டையிலயும் எண்ணெய் தேய்க்கிறவரு, படுத்திருக்கிறவரு, லாட்ஜ்காரரு, விசில் ஊதுற போலீஸு, ரம்புட்டான் விக்கிற அக்கா, பின்னாடி அருவின்னு ஒருத்தரையும் விடல. மஞ்சள் எழுத்து, சிவப்புக் கரை. பெரிய ஸ்கிரீன்ல பாத்தா தேர்த்திருவிழாதான். நாங்க ரெண்டு பேரும் கையெடுத்துக் கும்பிடுற மாதிரி கீழ வட்டத்துக்குள்ள வேற வச்சிட்டேன். அவரு அதைக் கடையில தெரியுற அளவுக்குச் சுருக்கினாரு. கலர் கலரா ஏதோ கொட்டிக் கிடந்தது, அவ்வளவுதான். கண்ணைச் சுருக்கி ரொம்ப நேரம் பாத்துட்டு அவரு கேட்டது:

"ஏட்டி கோமதி, இது கேம் ரிலீஸா, இல்ல நமக்குக் காதுகுத்தா?"

தண்ணி எப்படி?

ரோஷம் வந்துட்டு எனக்கு. அத்தனை பேரையும் அழிச்சிட்டு அருவியை மட்டும் வச்சேன். மேல மேகம், கீழ சாரல், நடுவுல வெள்ளியா விழுற தண்ணி. பாத்தா நமக்கே குளிரும்.

அட்டைப்படம் தேறுமா தேறாதான்னு கண்டுபிடிக்க என்கிட்ட ஒரு வழி உண்டு. எங்க அம்மா வீடு சுரண்டை. தென்காசியில இருந்து சுரண்டை பஸ்ல போகும்போது பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட போன்ல படத்தைச் சட்டுனு காட்டிட்டு எடுத்துருவேன். என்ன தெரிஞ்சதுன்னு கேப்பேன். அன்னிக்குப் பக்கத்துல காய்கறிப் பையோட ஒரு அக்கா. படத்தைக் காட்டினதும் முகமெல்லாம் சிரிப்பு. ஆகா, தேறிட்டோம்னு நினைச்சேன். சீசன் வந்துட்டா எங்க ஊர்ல அத்தனை போன்லயும் அருவி போட்டோதான் சுத்தும்கிறது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்ல. அந்த அக்கா சொன்னாங்க:

"மெயினருவில நல்லா விழுதே! பழைய குற்றாலத்துல தண்ணி எப்படி, அந்தப் போட்டோவையும் காட்டும்மா."

எண்ணெய் மினுமினுப்பு

சரி, கேம்ல என்ன நடக்குதோ அதையே காட்டிருவோம்னு இறங்கினேன். துண்டு மட்டும் கட்டிட்டு ஒருத்தர் குப்புறப் படுத்திருக்காரு. இன்னொருத்தர் முதுகுல எண்ணெய் தேய்க்காரு. பிளெக்ஸ் கடையில மாப்பிள்ளை முகத்துக்கெல்லாம் பளபளப்பு ஏத்தின கை இது, சும்மா இருக்குமா? எண்ணெய் மினுமினுப்பை மனசாரப் போட்டேன். குற்றாலத்துல நடுரோட்டுல நடக்குற வேலைதானே, இதுல என்ன இருக்குன்னுதான் நினைச்சேன். கேம் கடைக்காரங்களுக்குக் குற்றாலமும் தெரியாது, எண்ணெய்க் குளியலும் தெரியாது. "இது பெரியவர்களுக்கு மட்டுமான விளையாட்டா? விளக்கம் தரவும்"னு படத்தை நிறுத்தி வச்சிட்டாங்க.

அந்த நேரம் பாத்து மாமா கம்பை ஊணிக்கிட்டு அந்தப் பக்கமா வந்தாரு. எங்க மாமா போலீஸ் ஏட்டா இருந்து ரிட்டயர் ஆனவரு. ஸ்கிரீனைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. மகனைப் பாத்தாரு. எனக்குத் தரையில புதைஞ்சு போயிரலாம்னு ஆயிட்டு.

"சர்வீஸ்ல இருந்தப்போ இந்த மாதிரிப் படத்தைத்தான் கடை கடையாப் பறிமுதல் பண்ணுனேன். இப்ப என் வீட்லயே வச்சு அச்சடிக்கிய, என்னலே?"

திருட்டு முழி

சாரல் குறைய ஆரம்பிச்சிட்டு. சீசன் முடிஞ்சா அவரு ஆபீஸுக்குப் பதில் சொல்லியாகணும். ஒரு நாள் காலையில அவரு பரண்ல இருந்து சென்னைப் பெட்டியை இறக்கித் தூசி தட்டிக்கிட்டு இருந்தாரு. "சும்மா, பூஞ்சை பிடிச்சிருக்கான்னு பாத்தேன்"னாரு. பொய் சொல்லத் தெரியாத மனுஷன். எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்தது. அவரு முன்னாடி அழக் கூடாதுன்னு குடையை எடுத்துக்கிட்டு விறுவிறுன்னு குற்றாலத்துக்குப் போயிட்டேன்.

அங்கன எண்ணெய்க் கடை வரிசையில ஒரே கூப்பாடு. ஒரு குரங்கு எண்ணெய் பாட்டிலைத் தூக்கிட்டு, துண்டு காயப்போடுற கயித்துக்கு மேல சுவத்துல போய் உக்காந்திருக்கு. பாதி எண்ணெய் தேச்ச நிலையில ஒரு வெளியூர்க்காரரு எந்திரிக்கவும் முடியாம படுக்கவும் முடியாம கத்துதாரு. கடைக்கார அண்ணாச்சி துண்டை வீசி வீசி விரட்டுதாரு. குரங்கு மூடியைக் கடிச்சுக்கிட்டே என்னை ஒரு முழி முழிச்சது பாருங்க! அழுகையெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. போட்டோ எடுத்தேன், வீட்டுக்கு வந்தேன், வரைஞ்சேன். ஒரே ஒரு முகம், அந்தத் திருட்டு முழி, கையில பாட்டில், வழியுற எண்ணெய். பின்னாடி அருவிக்கு ஒத்த வெள்ளைக் கோடு. கேம் பேரைப் பெருசா வச்சேன். நகத்தளவுக்குச் சுருக்கியும் முழி அப்படியே நின்னுது.

மறுநாள் சுரண்டை பஸ்ல பக்கத்து சீட்டுல ஆள் இல்ல. டிக்கெட் போட வந்த கண்டக்டர்கிட்டயே காட்டினேன். நான் போனைத் திருப்பி எடுக்கப் போக, அவரு என் கையைத் தடுத்துட்டாரு. பின்னாடி ஆளுக சில்லறையை நீட்டிக்கிட்டு நிக்காங்க.

"இரும்மா, இரு! சவம், யார் பாட்டிலைத் தூக்கிட்டு ஓடுது? கிடைச்சிட்டா, இல்லியா?"

வாலு

அப்புறம் என்ன ஆச்சுங்கிற கேள்வி வந்துட்டா அட்டைப்படம் ஜெயிச்ச மாதிரி. படத்தை ஏத்தினோம். விரல்கள் நின்னுது. கேம் வெளியாச்சு, எந்தெந்த நாட்டுல இருந்தோ ஆள் வந்து வாங்கினாங்க. நாங்க ரெண்டு பேரும் போனை வச்சுக்கிட்டு மாறி மாறி விமர்சனம் வாசிச்சோம். எல்லாத்துலயும் ஒரே புலம்பல். 'கடை அருமை, எண்ணெய் அருமை, குரங்கு எங்கே?' ஏன்னா கேம்ல குரங்கே கிடையாது! அட்டை போடுத அவசரத்துல அந்த நினைப்பு எங்க ரெண்டு பேருக்குமே வரல. அட்டையில காட்டினதை உள்ளே காணலன்னா, வாங்கினவன் திட்டத்தானே செய்வான்? அவரு பெட்டியைத் திரும்பப் பரண்ல தூக்கிப் போட்டுட்டுக் குரங்கு செய்ய உக்காந்தாரு.

சாரல் சுத்தமா நின்ன அன்னிக்குச் சென்னை ஆபீஸ்ல இருந்து போன் வந்தது. மாமா டி.வி. சத்தத்தைக் குறைச்சாரு. நான் அடுப்படியில கரண்டியைப் பிடிச்சபடி அப்படியே நிக்கேன். அவரு ஸ்கிரீன்ல இருந்து கண்ணை எடுக்காமலே, ரொம்ப மரியாதையா, ரொம்பப் பொறுமையாச் சொன்னாரு:

"மன்னிச்சிருங்க சார், இப்ப வர முடியாது. குரங்குக்கு இன்னும் வாலு முளைக்கல."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காப் போச்சுன்னு ஊர்ல எல்லாரும் தலையில கை வச்சு உக்காருவாங்க. எங்க வீட்ல மட்டும் அந்தக் குரங்குதான் என் புருஷனைப் பிடிச்சு உக்கார வச்சிருக்கு.