ஆதம் வழியில் மச்சான்

எனக்கு மச்சானாக இருந்த அந்த மனிதன், முறைப்படி பார்த்தால் எனக்கு ஒன்றுமே இல்லை. அவன் கலகெதரையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம். நான் தோட்டத்தில் பிறந்து, கண்டியில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் கதிரை தேய்த்து, இடையிடையே பத்திரிகைக்குச் சிரிப்புக் கட்டுரை எழுதுகிறவன். யாரும் சிரித்ததாக இதுவரை தகவல் இல்லை. இந்த நாட்டில் இரண்டு பேர் மூன்றாவது தடவை ஒன்றாகத் தேநீர் குடித்தால் மச்சான் ஆகிவிடுவார்கள். தமிழன், முஸ்லிம், சிங்களவன், எல்லோர் வாயிலும் அது ஒரே சொல். நாங்கள் அவரவர் கல்யாணத்துக்கு முந்தியிருந்தே தேநீர் குடித்து வந்தவர்கள்.

சனிக்கிழமைப் பின்னேரங்களில் சீமெந்து மூட்டைகளுக்கும் பிவிசி குழாய்களுக்கும் நடுவில் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டுக்கொண்டு நாங்கள் தர்க்கம் செய்த விஷயங்களில் தீராத ஒன்று, மனிதகுலம் முழுதும் ஒரே தாய் தகப்பனிடமிருந்து வந்ததா என்பது. அவனுக்குச் சந்தேகமே இல்லை. வேதத்தில் இருக்கிறது, முடிந்தது. எனக்குச் சந்தேகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. எங்கள் குடும்ப வரலாறு தலைமன்னாரில் ஆரம்பிக்கிறது. பாட்டனார் கப்பலைவிட்டு இறங்கினார். அதற்கு முன் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, ஒரு தகவலும் கிடையாது. ஆகவே முதல் மனிதன் கப்பலில் வந்தான் என்பது என் கட்சி.

"பாவம் நீ, ஒனக்கு விளங்கல்ல," என்பான். "ஆதம் நபி சொர்க்கத்திலேந்து எறங்கினது எங்க? இந்தா ஈக்கிற பாவாதமலையில." நாங்கள் சிவனொளிபாதம் என்று சொல்கிற மலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. "அங்கேந்து நடந்து மன்னாருக்குப் போய், கடல்ல ஈக்கிற அந்தப் பாலத்தால இந்தியாவுக்குப் போன. அப்ப ஒங்கட ஆக்கள் யாரு? இங்கேந்து போன மனுசன்ட புள்ளைகள். நீங்க வந்த ஆக்களில்ல மச்சான். திரும்பி வந்த ஆக்கள்."

எங்கள் சனங்களுக்குப் பிரஜாவுரிமை கொடுப்பதா, கப்பலேற்றுவதா என்று அரசாங்கங்கள் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு வக்கீல் கிடைக்காமல் போனான். என் தகப்பனார் தலை நரைக்கும்வரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார். ஆதாமைச் சாட்சிக்கு அழைக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

என்னிடம் ஒரு பெரிய ஆயுதம் இருந்தது. "ஒரே அப்பன் ஆத்தான்னா உலகமே பங்காளி. பங்காளிக்குள்ள பொண்ணு எடுக்கவும் ஏலாது, குடுக்கவும் ஏலாது. அப்புறம் அந்தப் பையன்க யாரக் கட்டுனாங்க?"

அவன் இதற்குக் காத்திருந்தவன்போல் கதிரையை முன்னுக்கு இழுத்தான். ஆதமின் மனைவி ஹவ்வா ஒவ்வொரு தடவையும் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரட்டையாகப் பெற்றாள். இவனோடு பிறந்தவளை அவனும், அவனோடு பிறந்தவளை இவனும் கட்டவேண்டும் என்பது ஏற்பாடு.

"அப்ப இவன்ட தங்கச்சி அவனுக்குப் பொஞ்சாதி, அவன்ட தங்கச்சி இவனுக்குப் பொஞ்சாதி. ரெண்டு பேரும் என்ன முறை?"

"மச்சான்," என்றேன், வேறு வழியில்லாமல்.

"அப்பிடிச் செல்லு. உலகத்துல மொதமொதல்ல வந்த சொந்தமே அதுதான்."

"மொத மச்சான் ரெண்டாவது மச்சானக் கொன்னுட்டானே."

"அது பொம்புளட விசயத்துல வந்த பிரச்சினை," என்று அவன் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டு, பெயின்ட் வாங்க வந்தவரைக் கவனிக்கப் போனான்.

பிறகு அவன் முகம் ஊதத் தொடங்கியது. முதலில் நித்திரையில்லை என்றான், பிறகு உப்பு என்றான். பேராதனையில் டாக்டர் பார்த்துவிட்டு இரண்டு சிறுநீரகமும் வேலையை விட்டுவிட்டன என்றார். கிழமைக்கு இரண்டு நாள் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால் கொஞ்சக் காலம் இருக்கலாம். கொடுக்காவிட்டால் எவ்வளவு காலம் என்பதை டாக்டர் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

அவனுடைய நானாவுக்கு, அதாவது அண்ணனுக்கு, சீனி வருத்தம், ஆகவே அவர் கொடுக்க முடியாது. தம்பி கொடுக்க வந்தான். ஒரே வாப்பா, ஒரே உம்மா, ஒரே மூக்கு. பொருந்தவில்லை. எங்கள் தர்க்கம் அந்த இடத்திலேயே முடிந்திருக்க வேண்டும். முதல் தம்பதியைத் தேடி மலைவரை ஏறத் தேவையில்லை. கண்ணுக்குத் தெரிந்த ஒரு தம்பதியின் இரண்டு பிள்ளைகளே ஒருவருக்கொருவர் உதவவில்லை.

என் இரத்தத்தைச் சோதித்தார்கள். பொருந்தும்போல் இருக்கிறது என்றார்கள். வீட்டில் வந்து சொன்னேன்.

"ஒங்க ஒடம்புல ஒழுங்கா வேல செய்யுறது அது ஒண்ணுதான்," என்றாள் என் மனைவி. "அதையும் தூக்கிக் குடுக்கப் போறீங்களா?" கொஞ்ச நேரம் பாத்திரம் கழுவினாள். பிறகு, "எந்தப் பக்கத்த எடுப்பாங்க?" என்று கேட்டாள். அவள் சம்மதிக்கும் விதம் அது.

சொந்தக்காரன் அல்லாத ஒருவன் உறுப்புக் கொடுக்க வந்தால் அவனை ஒரு குழுவின் முன் நிறுத்துவார்கள். விற்கிறானா, யாராவது மிரட்டினார்களா என்று பார்ப்பது அவர்கள் வேலை. நியாயமான வேலைதான். நீளமான மேசைக்குப் பின்னால் இரண்டு சிங்கள டாக்டர்களும், மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்து அம்மா ஒருவரும் இருந்தார்கள்.

"ஐயா, நீங்கள் நோயாளிக்கு என்ன முறை?" என்று அந்த அம்மா கேட்டார்.

"மச்சான்," என்றேன். யோசிக்காமல் வந்த பதில்.

அவர் எழுதிக்கொண்டார். "அப்ப அவற்ற சகோதரியைக் கட்டினனீங்களோ?"

"இல்லைங்க. அவருக்குக் கூடப் பொறந்த பொண்ணே இல்ல."

"உங்கட சகோதரியை அவர் கட்டினவரோ?"

"எனக்கும் இல்லைங்க."

பேனை நின்றது. "உங்கட மனுசியின்ர சகோதரமோ?"

"அவ இந்துங்க. அவரு முஸ்லிம்."

"பிறகு எப்பிடி ஐயா மச்சான்?"

பொய்யான உறவு சொல்லிக்கொண்டு வருகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்க வேண்டும். குரலில் இருந்த மரியாதை குறையவில்லை, வெப்பம்தான் குறைந்தது. என் காதுகள் சூடானது எனக்குத் தெரிந்தது. குற்றமில்லாதவன் குற்றவாளியைப்போல் காட்சி தருவதில் எனக்கு நிகர் நான்தான். இளைய டாக்டர் மற்றவரின் பக்கம் சாய்ந்து சிங்களத்தில் ஏதோ சொன்னார். பேச்சின் தொடக்கத்தில், "மச்சாங்," என்று கூப்பிட்டது தெளிவாகக் கேட்டது. கூப்பிட்ட பிறகுதான் அவருக்கே விளங்கி, சிரித்தார். சிநேகிதன் என்று சொல்கிறார் என்று அம்மாவுக்கு எடுத்துச் சொன்னார்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தைரியம் கொடுத்தது. என் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. "ஆதாம் வழியில பாத்தா சொந்தம்தானுங்க," என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஓம், விளங்குது," என்றார் அந்த அம்மா. "ஆனால் அந்த முறைக்கு இஞ்ச இடமில்லை. சிநேகிதர் எண்டு போடுறன்."

அனுமதி கிடைத்தது. அவனிடம் நடந்ததைச் சொன்னபோது இருமும்வரை சிரித்தான். என் நகைச்சுவைக்கு ஒரு மனிதன் அப்படிச் சிரித்தது அதுவே முதல் தடவை. "நீ எனக்குத் தந்தா, அதுக்குப் பொறகு நாம பங்காளியா, மச்சானா?" என்று கேட்டான். ஒரே உறுப்பைப் பகிர்ந்துகொண்டால் பங்காளிதான் என்றேன். அப்படியென்றால் வேண்டாம், மச்சானாகவே சாகிறேன் என்றான். விளையாட்டுக்குத்தான் சொன்னான்.

சத்திரசிகிச்சைக்கு முன் கடைசியாக ஒரு சோதனை உண்டு. என் இரத்தத்தையும் அவன் இரத்தத்தையும் ஒன்றாகக் கலந்து பார்ப்பார்கள். இடையில் அவனுக்குச் சில தடவை வேறு ஆட்களின் இரத்தம் ஏற்றியிருந்தார்கள். அதனால் அவன் இரத்தம் அந்நியனை அடையாளம் காணப் பழகிவிட்டது. என்னை அடையாளம் கண்டுகொண்டது. வைத்தால் உடனே தாக்கும், முடியாது என்றார்கள். நான் மேல்சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். மழை பிடித்துக்கொண்டிருந்தது. கம்பளை பஸ்ஸும் கண்டி பஸ்ஸும் போயின. நான் எதிலும் ஏறவில்லை.

அதற்குப் பிறகு அவன் ஆதாமைப் பற்றிப் பேசவில்லை. தொழுகையை விடவில்லை, கோபமும் இல்லை. அந்தப் பேச்சை மட்டும் நிறுத்திவிட்டான். கடையைத் தம்பி பார்த்துக்கொண்டான். இரண்டு மழைக்காலம் அப்படிப் போனது. அவன் மெலிய மெலிய நான் அவனுடைய கட்சியைப் பேசத் தொடங்கினேன். நம்பிக்கை வந்து அல்ல. வக்கீல் இல்லாத வழக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அவன் மவுத்தாகி எங்களை விட்டுப் போவதற்குச் சில நாட்களுக்கு முன், இயந்திரத்தோடு படுத்திருந்தவனிடம், நான் வாசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். தாய், தாயின் தாய் என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தால் உலகத்தில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே பெண்ணிடம் போய்ச் சேருகிறார்களாம். விஞ்ஞானமே ஒத்துக்கொள்கிறது. நீ சொன்னது அவ்வளவு பிழையில்லை.

கண்ணைத் திறந்தான். "அந்தப் பொம்புள தனியாவா ஈந்த?"

நான் உண்மையைச் சொல்லிப் பழகியவன். அதுவும் வேண்டாத நேரத்தில். "இல்ல. அவளோட நெறையப் பொண்ணுங்க இருந்தாங்களாம். மத்தவங்களோட தாய்வழி அங்கங்க நின்னு போச்சு. இவளோடது மட்டும் நிக்காம வந்திருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. அவனுக்கும் அவன் மனைவிக்கும் பிள்ளைகள் இல்லை. அவள் கட்டிலின் மறுபக்கத்தில் முக்காட்டைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"அப்ப மத்த ஆக்களும் ஈந்துதான் ஈக்கிறாங்க," என்றான் மெதுவாக.

"இருந்தாங்க."

"பேரு தெரியாது."

"தெரியாது."

இயந்திரம் சுற்றும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தான். அவன் குடிக்கக்கூடிய தண்ணீருக்கு அளவு வைத்திருந்தார்கள். அன்றைய அளவு முடிந்திருந்தது.

"ஒரு மூடி தண்ணி தா, மச்சான்," என்றான்.

நான் அவன் மனைவியைப் பார்த்தேன். அவள் போத்தலை எடுத்து என் கையில் தந்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். விழுங்கவில்லை, தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டே வெகுநேரம் கண்ணை மூடிக் கிடந்தான்.