காசு கொடுப்பவரே வாடிக்கையாளர்

பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியின் வாயை நான் அடைத்தேன். அதட்டி அல்ல... பாடம் நடத்தி! அதற்காக என்னை மேடைக்குக் கூப்பிட்டுச் 'சிறந்த வழிகாட்டி' என்று சான்றிதழ் கொடுத்தார்கள். பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கினேன்.

இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று. படித்துவிட்டு, "பாவம், ஒரு டீச்சரால் என்ன செய்ய முடியும்" என்று நீங்கள் சொல்வதாக இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் பரிதாபம் எனக்கு வேண்டாம். கோபம் வரும் என்றால் மேலே படியுங்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய அரசுப் பள்ளி ஒன்றில் நான் சமூக அறிவியல் ஆசிரியை. திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம் வழியாகப் பேருந்தில் போய் வருகிறவள். எங்கள் பிள்ளைகளின் பாட்டன்மார் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர்கள். அப்பா அம்மாக்கள் இப்போது கம்பெனிகளில் ஒப்பந்தத் தொழிலாளர்கள். காலையில் பிள்ளைகள் பள்ளிக்குள் நுழையும் நேரத்தில், இரவு ஷிப்ட் முடித்த அம்மாக்கள் வாசலில் வேனை விட்டு இறங்குவார்கள். பிள்ளைக்கு ஒரு கையசைப்பு, அவ்வளவுதான்.

அங்கேதான் ஒரு நாள் அந்தத் திட்டம் வந்து இறங்கியது. பள்ளிப் பருவத்திலேயே பிள்ளைகளைத் தொழில்முனைவோர் ஆக்கும் திட்டமாம்! நடத்துவது ஓர் அறக்கட்டளை. பணம் போடுவது, கார்களுக்குத் தகட்டுப் பாகங்கள் செய்கிற பக்கத்துக் கம்பெனி. நீல டி-ஷர்ட் போட்ட இளைஞர்கள் வந்து ஒவ்வொரு பிள்ளையின் சட்டையிலும் 'நாளைய முதலாளி' என்று வில்லை குத்திவிட்டார்கள். மழை வந்தால் புத்தகப் பையைப் பரணில் ஏற்றி வைக்கிற வீட்டுப் பிள்ளைகள்! அப்பா வேலையை ஒப்பந்தக்காரர் எப்போது நிறுத்துவார் என்று தெரியாத வீட்டுப் பிள்ளைகள்! நாளைய முதலாளிகளாம்...

அன்றைக்கு எனக்கு இந்தக் கோபம் வந்ததா? வரவில்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன். எனக்குக் குதூகலமாக இருந்தது. வரைபடத்தில் அதே ஆறுகளைக் காட்டிக் காட்டி அலுத்துப்போயிருந்தேன். சென்னையில் குளிரூட்டிய அரங்கில் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பிஸ்கட், காபி, கழுத்தில் தொங்கப் பெயர் அட்டை. என்னையும் யாரோ ஒரு பெரிய மனுஷியாக மதிக்கிறார்கள் என்று உச்சி குளிர்ந்துபோனேன்.

'உன்னைச் சுற்றி ஒரு பிரச்சனையைக் கண்டுபிடி. அதற்குத் தீர்வு சொல். அந்தத் தீர்வைப் பொருளாக்கு. வாங்குகிறவரிடம் கொண்டுபோ.' இதுதான் பாடம்; கடைசியில் குழுக்களுக்குள் ஒரு போட்டி. இதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை! அந்த முதல் வரியைப் பெரியவர்கள் நாங்கள் யாருமே நிஜமாக எடுத்துக்கொள்ளவில்லை, அதுதான் தப்பு.

ஒன்பதாம் வகுப்பு எஸ்தர் நிஜமாக எடுத்துக்கொண்டாள்.

மற்ற குழுக்கள் ஊதுவத்தி, காகிதப் பை, மண்புழு உரம் என்று வந்து நின்றன. எங்கேயோ படித்த பிரச்சனைக்கு எங்கேயோ பார்த்த தீர்வு. எஸ்தர் ஒரு பெரிய அட்டையைச் சுருட்டிக்கொண்டு வந்து மேசைமேல் விரித்தாள். அட்டை முழுக்கக் கைகள். பெண்களின் கைகளை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்திருந்தாள். அதில் ஒரு கையில் ஆள்காட்டி விரல் பாதியில் நின்றிருந்தது.

"என்னடி, இந்த வெரல பாதில வுட்டுட்ட?" என்றேன்.

"வுடல டீச்சர். அந்தக்காவுக்கு அவ்ளோதான் கீது."

அவள் அம்மா சகாயமேரி, இந்தத் திட்டத்துக்குப் பணம் போடுகிற அதே கம்பெனியில்தான் வேலை செய்தாள். இயந்திரம் வெட்டித் தள்ளுகிற தகடுகளை எடுத்துத் துடைத்து அடுக்குகிற வேலை.

"கம்பெனில குடுக்கற கிளவுஸு ஆம்பள சைஸு டீச்சர். பொம்பளைங்கோ போட்டா நுனி தொங்குது. மிசின்ல இஸ்த்துக்கும்னு பயந்துகினு கயட்டி வெச்சிட்டு வெறுங்கையில எடுக்கறாங்கோ. தகடு பிளேடு மாரி கீசிடும். அதான் எங்க தெருவுல எல்லார் கையும் வரைஞ்சினு வந்தேன். சின்னது, நடுத்தரம், பெருசுன்னு தச்சாலே போதும் டீச்சர். நம்ம தெருவுலயே டைலர் அக்காங்கோ கீறாங்கோ."

மாதிரிக்கு ஒன்றைத் தைத்தும் எடுத்து வந்திருந்தாள். அம்மாவின் பழைய கையுறையைப் பிரித்துச் சிறிதாக்கித் தைத்தது. நான் போட்டுப் பார்த்தேன். விரல்களை மடக்கி நீட்டினேன். என் கைக்கு அச்சாகப் பொருந்தியது. "சபாஷ்டி!" என்று அவள் முதுகில் தட்டினேன். அன்றைக்கு நான் நல்ல ஆசிரியையாகத்தான் இருந்தேன்... அந்த ஒரு நாள் மட்டும்.

போட்டிக்கு முன்னால் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போக அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளர் வந்தார். அந்தக் கைகளைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிவிட்டது.

"மேடம், ஐடியா சூப்பர்தான். ஆனா ஃபைனல்ஸ்ல ஜட்ஜா உக்காரப் போறதே அந்தக் கம்பெனி எச்.ஆர். சார். அவர் எதிர்ல போய், உங்க கம்பெனில கை வெட்டுப்படுதுன்னு சொல்ல முடியுமா? பாசிட்டிவா ஏதாவது பண்ணச் சொல்லுங்களேன்."

தலைமையாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கம்பெனிக்காரங்க பொண்ணுங்களுக்கு பாத்ரூம் கட்டித் தர்றேன்னு சொல்லிக்கினு இருக்காங்க டீச்சர். நீங்க பாட்டுக்கு எதனா பேஜார் பண்ணி வெச்சிடாதீங்க."

கழிப்பறை எங்களுக்கு வேண்டும். உண்மை. தண்ணீர் குடித்தால் போக இடமில்லை என்று நாள் முழுக்கத் தொண்டை காயக் கிடக்கிற பெண் பிள்ளைகளை எனக்குத் தெரியும். 'அவர்களுக்காகத்தான் செய்தேன்' என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்! நான் நினைத்தது மேடையை. என் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிடப்போகிற அந்த நிமிடத்தை. கழிப்பறையைப் பிறகு கட்டித்தான் கொடுத்தார்கள், பிள்ளைகள் பயன்படுத்துகிறார்கள். அதைக் கொண்டுவந்து என் பக்கத்துத் தராசில் வைக்காதீர்கள்.

மதிய உணவு இடைவேளையில் எஸ்தரை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டேன். அவளிடம் நான் என்ன சொல்லியிருக்கலாம்? 'எஸ்தர், எனக்குப் பயமாக இருக்கிறது, இது வேண்டாம்' என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால், டீச்சர் ஒரு கோழை, உலகம் இப்படித்தான் அநியாயமாக இருக்கிறது என்றாவது அவளுக்குத் தெரிந்திருக்கும். அவளுடைய கோபம் அவளிடமே பத்திரமாக இருந்திருக்கும்!

நான் அப்படிச் சொல்லவில்லை. பாடம் நடத்தினேன்.

"உன்னோட வாடிக்கையாளர் யாரு?"

"எங்கம்மா. தெருவுல கீற அக்காங்கோ."

"கிளவுஸுக்கு அவங்களா காசு குடுக்கறாங்க?"

"இல்ல டீச்சர். கம்பெனிதான் வாங்கித் தருது."

"அப்போ வாடிக்கையாளர் யாரு?"

"கம்பெனி..."

"கம்பெனி உங்கிட்ட வந்து, எனக்கு இப்படி ஒரு பிரச்சனை இருக்குதுன்னு சொல்லிச்சா?"

"இல்ல."

"வாடிக்கையாளருக்கே இல்லாத பிரச்சனைக்கு நீ தீர்வு வித்தா யாரு வாங்குவா? காசு குடுக்கறவங்கதான் வாடிக்கையாளர். அவங்களுக்கு எது புடிக்குதோ அதத்தான் விக்கணும்."

எவ்வளவு சுத்தமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் பாருங்கள்! பயிற்சியில் கேட்டதை அப்படியே, ஒரு பிசிறு இல்லாமல்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ எங்கம்மா யாரு டீச்சர்?"

"அவங்க பயன்படுத்தறவங்க. அது வேற, வாடிக்கையாளர் வேற. புரியுதா?"

தலையாட்டினாள். அழவில்லை, சண்டை போடவில்லை. புத்திசாலிப் பெண்... புரிந்துகொண்டாள். அந்தப் புரிதல்தான் என்னை இன்றுவரை தூங்கவிடாமல் அடிக்கிறது. அட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பதிலாக நானே ஒரு யோசனை கொடுத்தேன். பெரியபாளையத்தில் பவானி அம்மனுக்கு வேப்பிலை ஆடை கட்டி வேண்டுதல் செய்கிறவர்கள் ஈரத்தோடு கோயிலைச் சுற்றுவார்கள். அவர்கள் செல்போனை வைத்துக்கொள்ள, கழுத்தில் மாட்டுகிற நனையாத பை. மஞ்சள் நிறத்தில், ஓரத்தில் வேப்பிலைப் படம் போட்டு! தினமும் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போகிற கூட்டம்தானே, எனக்கு யோசனைக்கா பஞ்சம்?

முதல் பரிசு. எஸ்தர் சிரித்துக்கொண்டே பேசினாள்; எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், யார் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் பழக்கியிருந்தேன். எச்.ஆர். அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். சகாயமேரி ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்தாள்.

"எம் பொண்ண மேடை ஏத்திட்டீங்க டீச்சர். நீங்க நல்லா இருக்கணும்."

அவள் உள்ளங்கை முழுக்க நெருக்கமான கீறல்கள். சொரசொரவென்று என் தோலில் உரசியது. என் கையை நான் மெல்ல உருவிக்கொண்டேன். ஆம், உருவிக்கொண்டேன்!

எஸ்தர் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது சில நாட்கள் பள்ளிக்கு வரவில்லை. அவள் அம்மாவுக்கு வேலையில் தகடு சரிந்து வலது கையில் அடிபட்டுவிட்டது, இரண்டு விரல்கள் இனி மடங்காதாம் என்று அவள் தோழி வந்து சொன்னாள். வெறுங்கையோடு இருந்தாளாம்.

நான் பார்க்கப் போகவில்லை. நாலரை மணி பேருந்தை விட்டால் அடுத்தது கூட்டமாக இருக்கும் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். அளவான கையுறை இருந்திருந்தால் அந்த விரல்கள் பிழைத்திருக்குமா? தெரியாது. பிழைக்காமலும் போயிருக்கலாம். ஆனால் ஒரு குழந்தை தன் அம்மாவுக்காக எழுப்பிய குரலை நான் மஞ்சள் பைக்குள் போட்டு மூடினேன் என்பது மட்டும் தெரியும்.

நீங்கள் இப்போது அந்தக் கம்பெனியைத் திட்டுவீர்கள். திட்டுங்கள்! எனக்கும் பற்றி எரிகிறது. அளவாகக் கையுறை வாங்க மனமில்லாதவர்கள், அந்தப் பெண்களின் பிள்ளைகளுக்கு 'பிரச்சனையைக் கண்டுபிடி' என்று போட்டி வைக்கிறார்கள்! வெட்கம் இல்லையா? ஆனால் அவர்கள் எஸ்தரின் வாயைத் தொடவே இல்லை. அவர்கள் காதுவரை அது போகாமல் பார்த்துக்கொண்டது நான். யாரும் என்னை மிரட்டக்கூட இல்லையே... அறக்கட்டளைப் பையன் ஒருவன் வந்து 'பாசிட்டிவ்' என்றான், நான் உருகி ஓடிவிட்டேன்.

போன மாதம் அந்தத் திட்டம் வேறு பெயரில் மறுபடி வந்தது. பிள்ளைகளுக்கு உற்சாகம் ஊட்ட, முன்னாள் மாணவி ஒருவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். எஸ்தர்! கம்பெனிகளுக்கு ஒப்பந்தத்தில் பெண் தொழிலாளர்களை அனுப்புகிற ஏஜென்சி நடத்துகிறாள். சொந்த வேன்கள் இருக்கின்றன. காலையில் எங்கள் பள்ளி வாசலில் வந்து நிற்கிற வேன்களில் அவளுடையதும் உண்டாம்.

நேர்த்தியாகப் புடவை கட்டி, ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்கு பிசினஸ்னா இன்னான்னு சொல்லிக் குடுத்ததே எங்க டீச்சர்தான்" என்றாள். "பயன்படுத்தறவங்க வேற, காசு குடுக்கறவங்க வேற. காசு குடுக்கறவங்களுக்கு எது வேணுமோ அத மட்டும் பாருங்க. நீங்களும் ஜெயிப்பீங்க!" பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து கும்பிட்டேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும், சொல்லுங்கள்!

விழா முடிந்ததும் அவளை ஆசிரியர் அறைக்கு அழைத்துப்போனேன். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"ஊட்லதான் கீறாங்க டீச்சர். எடது கையாலயே சமைக்கக் கத்துக்கினாங்க."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "எஸ்தர், அன்னிக்கு நான் பண்ணது பெரிய தப்பும்மா. என்னை..."

முடிக்கவிடவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டுச் சிரித்தாள். "இன்னா டீச்சர் நீங்க! எதுக்கு சாரி? நீங்க மட்டும் அன்னிக்கு சொல்லித் தரலன்னா நானும் அங்கதான் தகடு அடுக்கிக்கினு நின்னுருப்பேன்."

குத்திக்காட்டுகிறாளா என்று முகத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை. ஒரு துளி கசப்பு இல்லை. என்னைத் திட்டியிருந்தால், ஒரு முறை முறைத்திருந்தால்கூட, அவள் காலில் விழுந்து எதையாவது இறக்கி வைத்திருப்பேன். நன்றி சொல்கிறவளிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது?

"உன் வேன்ல போற பொம்பளைங்களுக்கு இப்போ கைக்கு எல்லாம்..." என்று இழுத்தேன்.

"அதெல்லாம் நாம கேட்டா அடுத்த மாசமே வேற ஏஜென்சிய வெச்சிப்பாங்க டீச்சர்" என்றாள், ஒரு குழந்தைக்கு விளக்குகிற பொறுமையோடு. பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டாள். "பன்னெண்டாவது முடிச்சிட்டு சும்மா கீற பொண்ணுங்கோ இருந்தா சொல்லுங்க டீச்சர். உங்க பொண்ணுங்கன்னா நான் கண்ண மூடிக்கினு சேத்துப்பேன். உங்க கையில படிச்சவங்க எதிர்த்துப் பேச மாட்டாங்கோ."

உங்க கையில படிச்சவங்க எதிர்த்துப் பேச மாட்டாங்க... என் இருபது வருடப் பணிக்கு இதைவிடச் சரியான சான்றிதழை வேறு யார் எழுத முடியும்?

எழுந்து கத்தித் திட்டியிருக்க வேண்டும். அவளையாவது, என்னையாவது. ஆனால் வேலைக்கு அலைகிற இரண்டு பெண்களின் முகம் நினைவுக்கு வந்துவிட்டது. வீட்டில் சும்மா இருக்கிறோம், எங்காவது சொல்லிவிடுங்கள் டீச்சர் என்று என்னிடம் கெஞ்சியிருந்தவர்கள்.

அவர்கள் பெயரைச் சொன்னேன்.

அடுத்த திங்கட்கிழமையே வேலையில் சேர்ந்துவிட்டார்கள். நேற்று ஒரு பெண்ணின் அம்மா அரைக் கிலோ சாத்துக்குடியோடு பள்ளிக்கு வந்து எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். வாங்கிக்கொண்டேன்.