தெரியாது என்று எழுதிய டாக்டரம்மா

நடந்ததை நடந்தபடி எழுதப் போகிறேன். கண்ணால் பார்த்ததையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் கலக்காமல் எழுதுவேன். நம் ஊர்க் கால்நடை மருந்தகத்தின் டாக்டர் ஞானலீலாவிடம் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அதையும் விடாமல் எழுதுவேன். மலர்க் குழுவினரான நீங்கள், நினைவு மலருக்காக அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டீர்கள். அவரைப் பற்றி நல்லது எழுத வேண்டுமென்றால் என்னைப் பற்றிக் கெட்டதையும் எழுதியாக வேண்டும்.

செய்தி வந்தபோது பள்ளி விட்டு சுசீந்திரத்தில் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தேன். எங்கள் ஊர் டீக்கடை மணியன் மாமா வண்டியை நிறுத்தி, "ஏட்டி, உங்க மாட்டு டாக்டரம்மாவ காளை முட்டிட்டு. போயிட்டாங்க" என்றார். "எந்த ஆஸ்பத்திரிக்கு?" என்று கேட்டேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் புரிந்தது.

அந்தச் சாவை நான் பார்க்கவில்லை. மருந்தக உதவியாளர் சுயம்பு அண்ணன் சொன்னதைத்தான் எழுதுகிறேன். கோமாரித் தடுப்பூசி முகாமில் ஒரு பெரிய காளையை மதிலோரமாக நிறுத்தியிருந்தார்கள். ஊசி இறங்கியதும் அது தலையை உதறியது. மூக்கணாங்கயிறு அறுந்து சுயம்பு அண்ணன் கையோடு வந்துவிட்டது. டாக்டரம்மாவுக்கு முன்னால் காளை, பின்னால் மதில். கம்பெடுத்து அடிக்க ஆள் வருவதற்குள் அது இரண்டு முறை அவரை மதிலோடு வைத்து நெரித்தது. எலும்பு முறிந்த சத்தம் தெரு வரை கேட்டதாம். வெளியே ரத்தம் அதிகம் வரவில்லை, எல்லாம் உள்ளேதான். சுயம்பு அண்ணன் மடியில் படுத்துக்கொண்டு, "சுயம்பு, இதுக்குப் போட்டாச்சு, எழுதிக்கோ" என்றாராம். அதற்குப் பிறகு பேசவில்லை.

அவருக்கு எழுதுவது அவ்வளவு முக்கியம். மருந்தகப் பதிவேடுகளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எங்கள் பசு ரோஸிக்கு மருந்து வாங்கப் பாட்டிலோடு போய்க் காத்திருந்த நாட்களில் நான் பார்த்திருக்கிறேன். எந்த நோயாக இருந்தாலும் 'உண்டு', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள்தான் அச்சாகி வரும். டாக்டரம்மா ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் இன்னொரு கோடு போடுவார். அதன் தலையில் 'தெரியாது' என்று எழுதுவார். "எல்லா ஊருக்கும் இல்லைன்னு போட்டு அனுப்பினா வேலை முடிஞ்சிரும்லா?" என்று சுயம்பு அண்ணன் ஒருநாள் அலுத்துக்கொண்டார். "இல்லைன்னு எழுதணும்னா போய்ப் பாத்திருக்கணும். பாக்காததுக்கு தெரியாதுன்னுதான் எழுதணும்" என்றார் டாக்டரம்மா. "எல்லாம் தெரியாதுன்னு எழுதுறதுக்கு எதுக்கு ஒரு டாக்டர்?" என்று சுயம்பு அண்ணன் முணுமுணுத்தார். அதைக் கேட்டு அவர் கோபப்படவில்லை, சிரித்தார்.

ரோஸி ஜெர்சிக் கலப்பு, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. போன வருடம் சக்கைக் காலத்துக்கு, அதாவது பலாப்பழக் காலத்துக்கு, கொஞ்சம் முன்பு, தென்னந்தோப்பில் கட்டியிருந்தபோது வெறி பிடித்த ஒரு பேய்நாய் வந்து அதன் வலது பின்னங்காலைக் கடித்தது. அப்பாவும் நானும் பார்த்துக்கொண்டு நின்றோம். விரட்டுவதற்குள் நாய் ஓடைப் பக்கம் ஓடியது. அங்கே ஆட்கள் அதைச் சூழ்ந்துகொண்டு மண்வெட்டியாலும் கல்லாலும் அடித்தார்கள். மண்டை பிளந்த பிறகும் அது மண்வெட்டியின் இரும்பைக் கடித்துக்கொண்டே இருந்தது. பல் உடைந்து தெறித்ததைப் பார்த்தேன். செத்ததும் காலைப் பிடித்து இழுத்து ஓடையில் எறிந்தார்கள்.

அப்பா ரோஸியின் காலில் மஞ்சளையும் மிளகாய்த்தூளையும் வைத்துக் கட்டினார். "யாருட்டயும் சொல்லாண்டாம் மக்கா. பிறவு பால ஒருத்தரும் வாங்க மாட்டாவ" என்றார். நான் தலையாட்டினேன். டாக்டரம்மா சோதனைக்காக அந்த நாயின் உடலைத் தேடி ஓடைக்கரையில் இரண்டு நாள் நடந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சில வாரங்கள் கழித்து ரோஸி தீனி எடுக்கவில்லை. வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாக வழிந்தது. அடித்தொண்டையிலிருந்து ஒரு மாதிரி கரகரவென்று கத்தியது. முந்தின நாள் தீனியாகச் சக்கையின் தோலான மடலைப் போட்டிருந்தோம். மடல் தொண்டையில் சிக்கிவிட்டது என்று அப்பா முடிவு கட்டினார். நானும் அப்படியே நம்ப ஆசைப்பட்டேன்.

டாக்டரம்மா காலையிலேயே வந்தார். ரோஸியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "நாய் ஏதாவது கடிச்சுதா?" என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே, "இல்ல டாக்டரம்மா. சக்கை மடல்தான். கையவிட்டு எடுத்திட்டா சரியாவும்" என்றார்.

"நீ சொல்லு பிள்ளே. கடிச்சுதா?"

"இல்லை" என்றேன்.

நான் சொன்ன பொய் இதுதான். ஒரே ஒரு சொல்.

அவர் சினை ஊசி போடும்போது மாட்டும் நீளக் கையுறையை எடுத்து வலது கையில் போட்டார். அதன்மேல் இன்னொன்றும் போட்டார். பிறகு தன் ஸ்கூட்டரில் இருந்த ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன டாக்டரம்மா, ரோஸிமேல ஏறி கொட்டாரம் ஊரு வரைக்கும் போவவா?" என்றார். "போனா நீருதான் பெட்ரோல் ஊத்தணும்" என்றார் அவர். நானும் சிரித்தேன். 

அவர் கையை ரோஸியின் வாய்க்குள் விட்டார். முழங்கை வரை போயிற்று. "இங்க ஒண்ணுமில்ல" என்றார். அந்த நொடியில் ரோஸி கடைவாயை இறுக்கியது. கையை இழுத்தபோது இரண்டு உறையும் கிழிந்திருந்தன. மோதிர விரல் பக்கவாட்டில் வளைந்து தொங்கியது. எச்சில் ஹெல்மெட் கண்ணாடி முழுக்கத் தெறித்திருந்தது. ரோஸி கயிற்றை அறுத்துக்கொண்டு தொழுவத்தின் தூணை முட்டிச் சாய்த்தது. ஓடு சரிந்து விழுந்தது. பிறகு தென்னை மரத்தில் போய் முட்டியது. பின்வாங்கி மறுபடியும் முட்டியது. ஒரு கொம்பு வேரோடு பெயர்ந்து, ரத்தம் அதன் கண்ணுக்குள் வழிந்தது. அப்படியும் நிறுத்தவில்லை. அது நான் வைக்கோல் போட்டு வளர்த்த மாடாக இல்லை. அப்பா அதன் பெயரைச் சொல்லிக்கொண்டே கிட்டே போனார். டாக்டரம்மா நல்ல கையால் அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துத் தள்ளினார். இருவரும் சாணத்தில் விழுந்தார்கள். அப்பாவின் தொடை இருந்த இடத்தில் ரோஸியின் மீதிக் கொம்பு மண்ணைக் குத்திப் பெயர்த்தது.

ரோஸியை உள்ளே விட்டுத் தொழுவத்து வெளிவாசலைச் சாத்திய பிறகு, டாக்டரம்மா எங்கள் பம்ப் அடியில் உட்கார்ந்து துணி சோப்பால் காயத்தைக் கழுவினார். உடைந்த விரலை வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, கால் மணி நேரம் கழுவினார். "வீட்டுல இவ எச்சில் பட்டவங்க எல்லாரும் என்கூட இப்பமே அரசு ஆஸ்பத்திரிக்கு வரணும். ஊசி போடணும்" என்றார். எங்களோடு வரிசையில் நின்று அவரும் போட்டுக்கொண்டார். காயத்துக்குள்ளேயும் ஊசி இறக்கினார்கள். அவர் முகம் வெளுத்ததே தவிரச் சத்தம் வரவில்லை.

ரோஸி மறுநாள் காலையில் செத்தது. கடைசியில் எழ முடியாமல் கிடந்து, எட்டியதையெல்லாம் கடித்தது. தன் முன்னங்காலையும் கடித்தது. டாக்டரம்மா கட்டுப் போட்ட கையோடு வந்து, சுயம்பு அண்ணனை வைத்துத் தலையை வெட்டி எடுக்கச் சொன்னார். மூளையைச் சோதனைக்கு அனுப்ப வேண்டுமாம். அப்பா அழுதார். "செத்த பொறவும் அவள வெட்டணுமா?" "செத்ததுனாலதான் வெட்டுறோம். வெட்டாட்டி இவ எதுல செத்தான்னு தெரியாமலே போயிரும்" என்றார் அவர். சொல்லும்போது அவருக்கும் கண் கலங்கியிருந்தது. நான் சன்னல் வழியாகப் பார்த்தேன்.

தலையை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது, விஷயம் கேள்விப்பட்டு ஆட்கள் வந்தார்கள். பால் வாங்குகிறவர்கள், முன்னால் மணியன் மாமா. வந்த வேகத்தில் பால் கேன்களை எட்டி உதைத்தார்கள். ஒருவர் டாக்டரம்மாவின் ஸ்கூட்டர் கண்ணாடியை உடைத்தார். மணியன் மாமா அப்பாவை முகத்தில் குத்தினார். அப்பா திருப்பி அடிக்கவில்லை. உடைந்த பல்லைத் துப்பிவிட்டு நின்றார். அடுத்த அடி விழுவதற்குள் தொழுவத்தின் பின்னாலிருந்து டாக்டரம்மா வந்தார். தலையில் ஹெல்மெட், மேலாடை முழுக்க ரத்தம், இடது கையில் சுயம்பு அண்ணனிடம் வாங்கிய கத்தி. எல்லோரும் இரண்டடி பின்னால் போனார்கள்.

"பச்சைப் பால் குடிச்சவங்க மட்டும் முன்னால வாங்க" என்றார். ஒருவரும் வரவில்லை. "மணியா, நீரு பச்சையா குடிச்சேரா?"

"நான் டீயிலதான் ஊத்தினேன்."

"பாலக் காய்ச்சினேரா?"

"காய்ச்சாம எப்பிடி டீ போடுவாவ?"

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். "காய்ச்சின பாலால வராது. சந்தேகம் உள்ளவங்க பேரச் சொல்லுங்க, ஊசி போட்டுக்கிடலாம்" என்றார் டாக்டரம்மா. மணியன் மாமா விடவில்லை. "நாய் கடிச்சது தெரிஞ்சேதான் இவன் பால் ஊத்தினானா? அத மட்டும் சொல்லுங்க டாக்டரம்மா" என்று கேட்டார். டாக்டரம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "தெரியாது" என்றார்.

சோதனை முடிவு வந்தது. வெறிநோய்தான். சாயங்காலமே மைக் கட்டி அறிவித்துத் தெருநாய்களுக்கெல்லாம் தடுப்பூசி போட்டார்கள். டாக்டரம்மாவுக்கு ஊசிகள் பலித்தன, ஆனால் விரல் நேராகவில்லை. மருந்தகத்துக்குப் போகும்போதெல்லாம் அந்த வளைந்த விரலைத்தான் பார்ப்பேன். என் வார்த்தையை நம்பித்தான் கையை விட்டார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று போனேன். அன்று பார்த்து, இந்த மாவட்டத்துக் கால்நடைச் சேவை எப்படி இருக்கிறது என்று மதிப்பிட வெளியூரிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. கூடவே வந்த ஓர் அதிகாரி பதிவேட்டைத் தட்டி, "மத்த இடங்கள்ல எவ்வளவு சுத்தமா இல்லை, இல்லைன்னு இருக்கு. இங்க மட்டும் தெரியாது, தெரியாது. நம்ம மானம் போகுதே அம்மா" என்றார். டாக்டரம்மா நின்றுகொண்டே பதில் சொன்னார்: "சார், அந்த இல்லையில எத்தனை பாத்து எழுதினதுன்னு அவங்க கேக்கத்தான வந்திருக்காங்க?" குழுவில் வந்த அம்மையார் அந்தப் பக்கத்தைத் தன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். அதிகாரி பதிவேட்டை மூடி வைத்தார்.

அவர்கள் போன பின்பும் நான் வாசலில் நின்றேன். "என்ன பிள்ளே, எதையோ சொல்ல வந்த மாதிரி நிக்க?" என்றார்.

"ஒண்ணும் இல்லை" என்றேன்.

"இல்லையா, தெரியாதா?" என்று கேட்டுச் சிரித்தார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

நேற்று மாலை மருந்தகத்தில் நினைவுக் கூட்டம் நடந்தது. மாடுகளை நிறுத்தும் இரும்புச் சட்டத்தின் அருகே மேசை போட்டு அவர் படத்தை வைத்திருந்தீர்கள். நிறையப் பேர் பேசினீர்கள். அப்பா பின்னால் நின்று கேட்டுவிட்டுப் போனார். கூட்டம் கலைந்த பிறகு சுயம்பு அண்ணனிடம் போன வருடப் பதிவேட்டைக் கேட்டேன். அவர் எதற்கு என்று கேட்கவில்லை, எடுத்துத் தந்தார். ரோஸியின் பக்கத்தைத் தேடினேன். 'இல்லை' என்ற கட்டத்தில் என் பொய் இருக்கும், அதை அடித்துவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

அந்தக் கட்டம் காலியாக இருந்தது. சிவப்புக் கோட்டுக்கு அப்பால் இடது கையால் எழுதிய கோணல் எழுத்தில் இப்படி இருந்தது:

"நாய்க்கடி: தெரியாது. தந்தை, மகள் இருவரும் இல்லை என்றனர். மகள், மாட்டின் வலது பின்னங்காலைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்."

அப்படியானால் அந்த இரண்டு கையுறைகளும் ஹெல்மெட்டும் அதற்குத்தான். கால் மணி நேரம் கழுவியதும் அதற்குத்தான். ஒருவேளை உண்மையிலேயே மடல் சிக்கியிருந்தால் மாடு மூச்சுமுட்டிச் செத்துவிடுமே என்று, சந்தேகத்தோடுதான் அவர் கையை விட்டிருக்கிறார். என்னை நம்பவும் இல்லை, ஊர் நடுவில் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

பேனாவைத் திறந்தேன். "அரசாங்கப் பதிவேடு பிள்ளே, நீ எழுதப்பிடாது" என்றார் சுயம்பு அண்ணன். பிறகு அவரே, "தாள்ல எழுதி நடுவுல வை. பின்னால தெரியவருறத அவங்களும் அப்படித்தான் வைப்பாங்க" என்றார். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினேன்: "நாய்க்கடி உண்டு. வலது பின்னங்கால். நான் பார்த்தேன்." அடியில் என் பெயரையும் எழுதினேன்.

டாக்டரம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தச் சிவப்புக் கோடு. என் நோட்டுகளிலும் இனி அது இருக்கும்.

தாளைப் பக்கங்களுக்கு நடுவில் வைத்துப் பதிவேட்டை மூடினேன். சுயம்பு அண்ணன் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிறகு மருந்தகத்தின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்.