கடைசி வாங்கு

யாழ்ப்பாணக் கோட்டைக்கு வெளியே, சனம் உட்காரும் பழைய கல் வாங்குகளில் யாரும் ஸ்கேட்போர்டில் சறுக்காதபடி விளிம்பெங்கும் இரும்புக் குமிழ்கள் பதிக்கிறார்கள். ஒரு வாங்குதான் மிச்சம். ஊரில் சறுக்க வேறு இடமில்லாத இளம்பெண் ஒருத்தி, தன் சறுக்குப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்திருக்கிறாள்.

"எழும்பு தங்கச்சி, துளை போடவேணும்," என்கிறார் டிறில் மெசினோடு நிற்பவர். "நீங்கள் சறுக்கிச் சறுக்கிக் கல்லு முழுக்கக் கீறல்."

"கீறலுக்குப் பயந்து ஓட்டை போடுறியளோ, அண்ணை?"

அவருக்குச் சிரிப்பு வருகிறது, அடக்கிக்கொள்கிறார். கையைப் பிடித்து எழுப்ப முடியாது. சொந்தமில்லாத பிறத்திப் பெண், வீதியில் சனம் பார்க்கிறது. இதற்குள் அவளுடைய தோழிகள் இருவர் வந்து இரு பக்கமும் நெருங்கி உட்காருகிறார்கள்.

அவர் வயரைச் சுற்றத் தொடங்குகிறார். "நாளைக்கு வாறன்."

"வாங்கோ," என்கிறாள். "நாங்கள் விடிய வெள்ளெனவே வந்திருப்பம்."