பாலம் ஏறாத பல்சக்கரம்

அப்பா ஓட்டிக்கொண்டிருந்த என் பழைய கியர் சைக்கிளை ஒற்றை கியராக மாற்றியது அவர் வசதிக்காக என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். அது பாதி உண்மை.

அப்பாவுக்கு விரல் நடுக்கம் வந்திருந்தது. பிரேக்கை முழுக்கையால் அழுத்திவிடலாம். கியருக்கு விரல் சொன்னபடி கேட்க வேண்டுமே. ஒன்று மாற்றப்போய் மூன்று மாறும், செயின் கழன்று தொங்கும், மட்டாஞ்சேரியின் ஏதோ ஒரு சந்தில் கறுத்த கையோடு நின்று எனக்குப் போன் செய்வார். ஆனாலும் சைக்கிளை விடமாட்டார். தினமும் காலையில் தோப்பும்படி பாலம் தாண்டித் துறைமுகத் தீவுக்குப் போய், மாநகராட்சியில் கூட வேலை பார்த்த சிநேகிதரோடு ஒரு சாயா குடித்தாக வேண்டும். அம்மா போன பிறகு அவர் மனம்விட்டுப் பேசுவது அந்த ஒரு மணி நேரம்தான்.

எனக்கோ அந்தப் பாலத்தில் ஓடும் கன்டெய்னர் லாரிகளை நினைத்தாலே பயம். போகாதீர்கள் என்றால் கேட்கிற ஆளா? நானும் அவர் பெண்தானே, பிடிவாதத்தில் குறைச்சல் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கியர் கம்பிகளை உருவி எடுத்தேன். பின்சக்கரத்தில் அடுக்காக இருந்த பல்சக்கரங்களைக் கழற்றினேன். அந்த இடத்தில் இனி ஒன்றே ஒன்று. வாங்கி வைத்திருந்தவை இரண்டு. இருபது பல் உள்ளது மேடு ஏறச் சுலபம். பதினாறு பல் உள்ளது சமதரையில் நன்றாக ஓடும், மேட்டில் உயிரை வாங்கும். எங்கள் பக்கத்தில் மேடு என்று இருப்பதே பாலங்கள்தான்.

அப்பா படியில் உட்கார்ந்து செயினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மோளே, இது பாலம் ஏறுமில்ல?”

“ஏறும்ப்பா,” என்றேன், பதினாறைப் பொருத்திக்கொண்டே.

மறுநாள் அரைமணி நேரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. பாதிப் பாலத்தில் இறங்கிவிட்டாராம்.

“காலு போச்சு மோளே.”

பாலத்தை விட்டுவிட்டு எங்கள் தெருக்களுக்குள் ஓட்டுவார் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவர் ஓட்டுவதையே விட்டுவிட்டார். பஸ்ஸில் போங்களேன் என்றதற்கு, “பஸ் ஏறிப் போய்க் குடிக்க அது என்ன பெரிய சாயா?” என்றார். பிறகு கடைக்கு நடப்பதும் நின்றது. கேட்டால் கால் என்பார். பகலெல்லாம் டிவி முன்னால் இருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

ஒரு மாதம்தான் தாங்கினேன். பதினாறைக் கழற்றி இருபதைப் போட்டுவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

“அப்பா, உங்க காலுக்கு ஒண்ணுமில்ல. லாரிக்குப் பயந்து, பாலம் ஏறாத பல்ல நான்தான் வேணும்னே போட்டேன். இப்ப மாத்திட்டேன். வாங்க, நானும் கூட வர்றேன்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் என் எண்ணெய்க் கையைத் தன் நடுங்கும் கையால் பிடித்துக்கொண்டார்.

“என்னைத் தேத்த இப்படி ஒரு கள்ளம் சொல்லணுமா மோளே? என் காலு எனக்குத் தெரியாதா?”

கழற்றிய சக்கரத்தைக் கொண்டுவந்து காட்டினேன். பற்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். அவரும் என் திருப்திக்காகக் கூடவே பதினாறு வரை எண்ணினார். பிறகு, “சரி, சரி,” என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது அந்த சைக்கிளில் வேலைக்குப் போவது நான்தான். இருபது பல்லுக்குப் பாலம் எவ்வளவு சுலபமாக ஏறுகிறது என்பது தினமும் எனக்குத் தெரிகிறது.