பதினேழு தசம் இரண்டு

பிள்ளைகளே, போன வருடம் மாரிக்கு முன்னம் உங்கள் அம்மா இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது உங்களுக்குத் தெரியும். கோயில் மோதகம் தின்றதால்தான் இரத்தத்தில் சீனி ஏறியது என்று நம்பி, ஒருவர் கொழும்பிலிருந்தும் மற்றவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி விடுதியிலிருந்தும் போன் எடுத்து அவரை ஏசினீர்கள். அன்று உடுப்பிட்டியில் எங்கள் வீட்டில் நடந்தது வேறு. நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கனடாவிலிருந்து மாமா அனுப்பிய பார்சலில், சொக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில், வீட்டிலேயே சீனி பார்க்கும் மிசின் ஒன்று இருந்தது. விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தை ஸ்ட்ரிப்பில் தொட்டால் இலக்கம் வரும். அதுவரை கிளினிக்கில்தான் பார்ப்போம். அங்கே கொப்பியில் நூற்றிநாற்பது, நூற்றியெண்பது என்று எழுதித் தருவார்கள். எழுபதுக்குக் கீழே போனால் ஆபத்து, உடனே சீனித்தண்ணி கொடுக்கவேண்டும் என்று அங்கே சொன்னதை நான் பாடமாக்கி வைத்திருந்தேன்.

அம்மாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். காலையில் நான் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்தபோது குசினியில் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து இருந்தார். களைக்கிறது, தண்ணீர் விடாய்க்கிறது என்றார். மிசினை அன்றுதான் முதன்முதலாக எடுத்தேன். 17.2 என்று காட்டியது.

எழுபதே ஆபத்து என்றால் பதினேழு? ஒரு கிளாஸ் தண்ணீரில் மூன்று கரண்டி சீனி போட்டுக் கலக்கிக் கொண்டுபோய் நீட்டினேன்.

"இனிப்பு வேண்டாமப்பா. நா வறளுது, பச்சைத்தண்ணி தாங்கோவன்."

"கதையாமல் குடியும். மிசின் பொய் சொல்லுமே? கனடாச் சாமான்."

கால் மணித்தியாலம் கழித்துப் பார்த்தேன். 18.9. ஏறுகிறது என்று சந்தோசப்பட்டு இன்னொரு கிளாஸ் கொடுத்தேன். பிறகு 22.4. இனிப் பயமில்லை என்று சொல்லிக்கொண்டே மூன்றாவதைக் கலக்கும்போது அம்மா குடித்ததையெல்லாம் சத்தி எடுத்தார். கூப்பிட்டதற்குச் சரியாகப் பதில் வரவில்லை. பக்கத்து வீட்டு ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது நானூற்றிப் பன்னிரண்டு. சேலைன் ஏற்றி, ஊசி போட்டு, பின்னேரம்தான் அம்மாவுக்குத் தெளிவு வந்தது. உங்கள் வயதுள்ள ஒரு டொக்டர் அம்மாவின் கிளினிக் கொப்பியோடு வந்து நின்றார்.

"என்னம்மா சாப்பிட்டனீங்கள்? இவ்வளவு ஏறியிருக்கு?"

நான் வாய் திறக்க முன்னம் அம்மா முந்திக்கொண்டார். "கோயில்லை தந்த மோதகம் டொக்டர். ஆசையிலை நாலைஞ்சு தின்னுட்டன்."

டொக்டர் நன்றாக ஏசினார். கொப்பியிலும் ஏதோ ஆங்கிலத்தில் எழுதினார். அவர் போன பிறகு, ஏன் அப்படிச் சொன்னீர் என்று கேட்டேன்.

"எனக்கு ஏச்சு வாங்கிப் பழக்கம். நீங்கள் இந்தச் சனத்துக்கு முன்னாலை அழுதுபோடுவியள்."

அன்று பின்னேரம் நீங்கள் போன் எடுத்தபோதும் அவர் அதே மோதகக் கதையைத்தான் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த கிழமை மிசினைப் பையில் போட்டுக்கொண்டு யாழ்ப்பாணம் போனேன். ஆஸ்பத்திரியில் நானூறு, இதில் இருபத்திரண்டா; பழுதென்றால் திருத்தலாம், இல்லையென்றால் வேறு வாங்கலாம் என்று நினைத்தேன். பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு பார்மசியில் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மிசினிலை பிழையில்லை ஐயா. இது அந்த நாட்டுக் கணக்கு. பதினெட்டாலை பெருக்கினால்தான் எங்கடை கிளினிக் இலக்கம் வரும்."

பத்தாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் எனக்குப் பெருக்கத் தெரியும். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் பெருக்கினேன். முந்நூற்றிப் பத்துக்குக் கொஞ்சம் குறைவு. முதல் கிளாஸ் கலக்க முன்னமே அவ்வளவு இருந்திருக்கிறது. நடந்ததை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். முன்பின் தெரியாத அவரிடம் சொல்ல முடிந்தது. அவர் சிரிக்கவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார்.

தாகமும் அடிக்கடி சிறுநீர் போவதும் சீனி கூடினதின் குணங்குறி, வேர்த்து நடுங்கினால் குறைந்ததாக இருக்கலாம் என்றார். நான் விலை கூடின மிசின் ஒன்றைக் காட்டினேன். "மிசினைப் பார்த்து மயங்காதேங்கோ. இதின்ரை ஸ்ட்ரிப் எப்பவும் கிடைக்குமோ எண்டு முதல் கேளுங்கோ. கனடாவிலையிருந்து வந்ததுக்கு இஞ்சை ஸ்ட்ரிப்பும் இல்லை." கடைசியில் கிளினிக் கணக்கிலேயே காட்டும், கண்ணாடி இல்லாமலும் எனக்குத் தெரியும் பெரிய இலக்கமுள்ள ஒன்றை எடுத்தோம். கிளினிக்குக்குப் போகும் நாளில் இதையும் கொண்டுபோய், இரண்டும் ஒத்துவருகிறதா என்று பார்க்கவும் சொன்னார்.

அப்படியே கொண்டுபோனோம். ஒத்துத்தான் வந்தது. ஆனால் தாதி கொப்பியைப் புரட்டிவிட்டு, "அம்மா, இந்த முறை மோதகம் இல்லையோ?" என்றார். முறை வரும்வரை வாங்கில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். நான் அன்றும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

நேற்று அம்மா கோயிலுக்குப் போன நேரம் கிளினிக் கொப்பியை எடுத்தேன். அந்த ஆங்கில எழுத்துக்குக் கீழே, "அன்று இவர் மோதகம் சாப்பிடவில்லை. மிசின் இலக்கத்தைப் பிழையாக விளங்கிச் சீனித்தண்ணி கொடுத்தது நான்" என்று தமிழில் எழுதிக் கையெழுத்து வைத்தேன். மை காய்ந்த பிறகு அவருடைய பைக்குள்ளேயே திருப்பி வைத்துவிட்டேன். பச்சைத்தண்ணி தாங்கோ என்று ஒரு மனுசி கேட்டதைவிட ஒரு மிசினை நம்பினேன் என்பதில் மனம் இன்னும் ஆறவில்லை. இப்போதெல்லாம் இலக்கத்தைப் பார்க்க முன்னம், என்ன செய்கிறது என்று அவரிடம்தான் முதலில் கேட்கிறேன்.